இது மட்டும் நிக்கும்

எழுந்து போய்விடலாம் என்று அர்த்தநாரி நினைத்தபோது இலை போட்டுவிட்டார்கள். இலை போட்ட பிறகு எழுந்தால் நாலு பேர் பார்ப்பார்கள், ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் ஏதாவது சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்தாயிற்று. முன்னால் மேசை, பின்னால் அடுத்த வரிசையின் நாற்காலி முதுகுகள். அவன் சாப்பிட வரவில்லை. மேடையில் ஏறி சுகந்தி தலையில் அட்சதை போட்டு, மாப்பிள்ளை கையில் கவரை வைத்துவிட்டு, யார் கண்ணிலும் அதிகம் படாமல் வெளியே போய்விடலாம் என்றுதான் வந்தான். மேடையை விட்டு இறங்கும்போது மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் முழங்கையைப் பிடித்து, "சாப்டாமப் போனா எப்படிங்க, மொதப் பந்தி உக்காந்தாச்சு" என்று தள்ளிக்கொண்டே வந்து உட்கார வைத்துவிட்டார். நல்ல மனுஷன். அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் கையைப் பிடிக்கவில்லை. மனைவி வசந்தாமணி அப்போதே சொன்னாள், எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறீங்க, நான் வரல என்று. சுகந்தியின் அம்மா ருக்குமணியக்கா போன் பண்ணி ரெண்டு பேரும் வந்துருங்க என்று சொன்னது அவளிடம்தான். அக்கா வாய் நிறையக் கூப்பிட்டாள். அண்ணன் கூப்பிடச் சொன்னாரா, அக்காவாகக் கூப்பிட்டாளா என்று கேட்கவில்லை. அவன் எதைத்தான் கேட்டான். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்பதாலேயே கேட்காமல் விட்டது எத்தனையோ இருக்கிறது.

தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தான். உப்பு வந்தது, ஜாங்கிரி வந்தது, பீன்ஸ் பொரியல் வந்தது. வாசலில் பெண்ணின் அப்பாவாக நல்லசிவம் அண்ணன் கை கூப்பி நின்றது கண்ணை விட்டுப் போகவில்லை. புது வேட்டி, நெற்றியில் விபூதி, கழுத்துச் சதை தளர்ந்து வயசாகிவிட்டிருந்தது. "வாங்க," என்றார். அவ்வளவுதான். அவனுக்கு முன்னால் வந்த கார்க்காரருக்கும் வாங்கதான், பின்னால் வந்த கிழவிக்கும் வாங்கதான். அவனுக்கு அவர் ஒருநாளும் வாங்க சொன்னதில்லை. வாப்பா என்பார், நல்ல மூடில் இருந்தால் வாடா என்பார். அவன் சங்ககிரிப் பக்கம் ஒரு லாரிப் பட்டறைக்கு ஆசாரி வேலைக்குப் போன காலத்தில் அவர் அந்த ரூட் பஸ்ஸில் கண்டக்டர். இவன் உளிப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவது தெரிந்தால் விசில் அடிக்க மாட்டார். டிரைவர் திட்டுவார். "நம்ம பையன், வரட்டும்" என்பார். பிற்பாடு ரெண்டு தெரு தள்ளி வீடு கட்டி வந்தார். இவன் சொந்தமாகப் பட்டறை போட்டு, லாரிக்குப் பாடி கட்டி, பத்துப் பன்னிரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்கிற முதலாளியாக ஆன பிறகும் அவருக்கு நம்ம பையன்தான். மரியாதை கொடுத்து ஒருவனைத் தூரமாகத் தள்ளி வைக்க முடியும் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. வாங்க. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் திட்டுவார் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டு வந்தது வீணாகப் போயிற்று.

"பொண்ணு வீடுங்களா?" என்றார் இடது பக்கம் உட்கார்ந்திருந்தவர். மாப்பிள்ளைக்குப் பெரியப்பா முறை ஆகிறதாம், அவராகவே சொன்னார். "ஆமாங்க," என்றான் அர்த்தநாரி. "பொண்ணு தங்கமுங்க. வயசு முப்பதத் தொடப்போகுதுன்னு எங்க வீட்ல மொதல்ல யோசிச்சாங்க. நான்தான் சொன்னேன், வயச வெச்சு என்ன பண்றது, கொணத்தப் பாருங்கன்னு. ஸ்கூல்ல வேல பாத்து, அந்தச் சம்பளத்தச் சேர்த்து வெச்சு, அதுல நடக்கற கல்யாணமுங்க இது. அப்பன் ரிட்டையர்டு பணம் மொத்தத்தையும் எவனோ வாங்கிட்டு மஞ்சக் கடுதாசி குடுத்துட்டானாமா." அவர் அப்பளத்தை நொறுக்கினார். "அப்புடியுங்களா," என்று ஒரு குரல் சொன்னது. தன்னுடைய குரல்தான் என்று அர்த்தநாரிக்குக் கொஞ்சம் கழித்துத் தெரிந்தது. எவனோ. அந்த எவனோவுக்கு இந்த மனுஷர் மனசில் ஒரு முகம் இருக்கும், மீசையும் மோதிரமுமாக ஒரு மோசக்காரன் முகம். பக்கத்து இலையில் ஜாங்கிரியைப் பிய்க்க முடியாமல் பிய்த்துக்கொண்டிருப்பவன் முகமாக அது இருக்காது. சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. சொன்னால் இவர் சாப்பாடு கெடும். அவர் சாப்பாட்டைக் காப்பாற்றுவதற்காகத்தான் சொல்லாமல் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டான். நினைத்த உடனேயே அது பொய் என்பதும் தெரிந்தது.

சோறு போட்டு, பருப்பு ஊற்றி, நெய் விட்டார்கள். ரிட்டையர் ஆன மாசம் அண்ணன் அவன் பட்டறைக்கு வந்தார். மரத்தூளைத் தட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து செக்கை எடுத்து மரத்தை இறுக்கிப் பிடிக்கிற வைஸ் மேசைமேல் வைத்து, மேலே ஒரு போல்ட்டையும் வைத்தார், காற்றில் பறக்காமல் இருக்க. "வட்டி கிட்டின்னு பேசுன, திருப்பி எடுத்துட்டுப் போயிருவேன். சுகந்தி கல்யாணத்துக்குக் குடு, போதும்." அவன் கேட்காமலே வந்த பணம் அது. முந்தின வாரம் டீக்கடையில், பெரிய டிரான்ஸ்போர்ட்காரர் ஒருவர் வரிசையாக லாரிகளுக்குப் பாடி கட்டி எடுத்துக்கொண்டு பாதிப் பணம்கூடத் தராமல் இழுக்கிறார், பசங்களுக்குச் சம்பளம் போட முடியவில்லை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான். வாய் தவறியா. அண்ணனிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியாமலா சொன்னான். தெரியாது, சத்தியமாகத் தெரியாது. தெரியும். அந்தப் பணத்தில் சம்பளம் போட்டான், மர டிப்போவுக்குக் கொஞ்சம் கட்டினான். வரியை மட்டும் கட்டவில்லை. ஒவ்வொரு பில்லிலும் வரி என்று தனியாகப் போட்டு லாரிக்காரர்களிடம் வாங்கிய பணம் அது. வாங்கிய அன்றைக்கே பெயிண்டாகவும் தகரமாகவும் மாறிப்போனது. அடுத்த மாசம் சேர்த்துக் கட்டிக்கலாம் என்றான். அடுத்த மாசம் அதற்கு அடுத்த மாசமாயிற்று. நோட்டீஸ் வந்தது, வட்டி ஏறியது, அபராதம் ஏறியது, ஒருநாள் காலையில் பேங்குக்குப் போனால் கணக்கை முடக்கிவிட்டார்கள் என்று கவுண்டரில் இருந்த பெண் தலை நிமிராமல் சொன்னாள். அவனைத் துரத்தியது அதுதான். அண்ணன் துரத்தவில்லை. மர டிப்போ மூர்த்திகூட ரெண்டு தடவை சத்தம் போட்டதோடு சரி. வரி ஆபீசை நினைத்துத்தான் ராத்திரி தூக்கம் போயிற்று, அதிலிருந்து தப்பத்தான் வக்கீல் தனசேகர் மாடிப்படி ஏறினான்.

அங்கேதான் மனசு போய்ப் போய் மாட்டிக்கொள்ளும். எங்கே சுற்றினாலும் கடைசியில் அந்த மாடி அறை, பழைய ஃபேன், கட்டுக் கட்டாகப் பேப்பர். திவால் மனு கொடுத்துவிட்டால் கடன்காரர் யாரும் கிட்டே வர முடியாது, சொத்தைக் கோர்ட் எடுத்து விற்றுப் பிரித்துக் கொடுத்துவிடும், மிச்சக் கடனிலிருந்து கோர்ட்டே விடுவித்துவிடும் என்றார் வக்கீல். "யார் யாருக்குத் தரணுமோ அத்தனை பேரையும் எழுதுங்க. ஒருத்தர் விடக் கூடாது." எழுதினான். நல்லசிவம் பேருக்கு வந்தபோது பேனா நின்றது. "இவர விட்டுறலாங்களா? இவரு கேக்க மாட்டாருங்க." வக்கீல் சிரித்தார். "கேக்காதவங்களையும் சேர்த்தாத்தாங்க மனு. விட்டா மறைச்சதா ஆயிரும்." எழுதினான். அதற்குப் பிறகு கேட்டான், கேட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது: "இந்த வரிப்பாக்கி?" வக்கீல் சொன்னார்: "அதையும் போட்டுருவோம்." போட்டுருவோம். அந்த ஒரு வார்த்தையை எத்தனை வருசமாக வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறான். பட்டியலில் போட்டுருவோம் என்றார். போயிரும் என்று அவன் எடுத்துக்கொண்டான். போட்டுருவோம், போயிரும். அதற்குப் பிறகும் வக்கீல் ஏதோ சொன்னார். கீழே போர் போடுகிற ரிக் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. சொன்னது காதில் விழவில்லை. விழவில்லைதானா? என்ன சொன்னீங்க என்று இன்னொரு தடவை கேட்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். கேட்டால் வேறு பதில் வந்துவிடுமோ என்று பயம். நல்ல பதிலைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிவிட்டான், டீ குடித்தான், அன்றைக்கு ராத்திரி ரொம்ப நாளைக்குப் பிறகு தூங்கினான். அந்தத் தூக்கத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

"சாம்பாருங்க," என்று வாளிக்காரர் குனிந்தார், ஊற்றினார், போனார். வீட்டையும் பட்டறையையும் கோர்ட் ரிசீவர் ஏலம் போட்டார். அடமானம் வைத்திருந்த பேங்க் தன்னுடையதை எடுத்துக்கொண்டது. அடுத்தது அரசாங்கம், மற்ற எல்லாருக்கும் முன்னால் அதற்குத்தான் என்று சட்டம். அது எடுத்ததும் மிச்சம் ஒன்றுமில்லை. அண்ணன், மூர்த்தி, பெயிண்ட் கடைக்காரர், பட்டியலில் இருந்த யாருக்கும் ஒரு பைசா வரவில்லை. எடுத்தும் வரி தீரவில்லை. வருசக்கணக்கில் வாய்தா நடந்து, போன ஆடியில் விடுவித்து உத்தரவு வந்தது. வக்கீல் கோர்ட் வராந்தாவில் பேப்பரைப் புரட்டி, "இனி ஒருத்தரும் உங்களக் கேக்க முடியாதுங்க," என்றார், பிறகு விரலை ஒரு வரியில் வைத்து, "இது மட்டும் நிக்கும்," என்றார். எதுங்க? "கவருமெண்டு பாக்கி. அது திவால்ல போகாதுங்க. அன்னைக்கே சொன்னேனே." சொன்னாரா. சொல்லியிருப்பார். எந்த ஒன்றுக்குப் பயந்து மனு கொடுத்தானோ அது குத்துக்கல்லாக நின்றது. யாரைப் பற்றி ஒருநாளும் பயமே இல்லையோ, யார் பத்து வருசம் என்றாலும் பொறுத்திருப்பாரோ, அவருடையது போய்விட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்வது. வரி ஆபீசில் இருந்த அம்மா தன்மையாகத்தான் பேசினார்கள். "இது நீங்க கடன் வாங்கினது இல்லீங்க. ஜனங்ககிட்ட எங்களுக்காக வாங்கிக் குடுக்காம வெச்சுக்கிட்டது. அதான் விடறதில்ல." நியாயம்தான். ஆனால் அண்ணனுடையதும் கடன் இல்லையே, அதுவும் சுகந்திக்காக வாங்கி வைத்துக்கொண்டதுதானே, அதை மட்டும் எப்படி விட்டார்கள் என்று படி இறங்கும்போது தோன்றியது. இப்போது இன்னொருத்தர் பட்டறையில் மேஸ்திரி வேலை. சம்பளம் வந்ததும் ஆபீசுக்கு ஒரு பங்கு போகிறது. கேட்பவனுக்குக் கட்டுகிறோம், கேட்காதவரைப் பார்த்து ஒளிகிறோம் என்று வசந்தாமணியிடம் ஒருநாள் சொன்னான். அவள் சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள்.

ரசம் வரும்போது பார்த்தான், அண்ணன் வரிசையின் அந்தக் கோடியில் நின்றார். பந்தி விசாரித்துக்கொண்டு வருகிறார். ஒவ்வொரு இலையாக நின்று குனிந்து, பொரியல் வந்துச்சுங்களா, சோறு போடச் சொல்லட்டுங்களா. தாண்டிப் போய்விடுவார். தாண்டிப் போகட்டும். போகக் கூடாது. தாண்டினால் இந்தப் பெரியப்பா கவனிப்பார். நின்றால் என்ன சொல்வது. ஆறு வருசமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்று. ரசத்தில் விரலை விட்டுப் பிசைந்துகொண்டே இருந்தான், சோறு கூழாகிவிட்டது. வேட்டிக் கரை பக்கத்தில் வந்து நின்றது.

"அப்பளம் வந்துச்சுங்களா?" என்றார் நல்லசிவம்.

"வந்துச்சுண்ணா."

"நல்லாச் சாப்பிடுங்க."

அவர் அடுத்த இலைக்கு நகரப் போனார். "அண்ணா," என்று வாயிலிருந்து வந்துவிட்டது. "அந்தப் பணம்..."

"அதான் கோர்ட்டுல முடிஞ்சு போச்சுங்களே." குரலில் கோபம் இல்லை.

"கோர்ட்டுல முடிஞ்சுதுண்ணா. நான் தந்துருவேன். வரிப்பாக்கி ஒண்ணு நிக்குது, சம்பளத்துல பாதி அதுக்கே போயிருது. அது முடிஞ்சதும்..."

"அது எப்ப முடியுமுங்க?"

பொய் சொல்ல நாக்கு தயாராகத்தான் இருந்தது. "நான் கட்டற வேகத்துக்கு இன்னும் ஒம்பது வருசம் ஆகும்ணா."

நல்லசிவம் ஒரு நொடி கூரையைப் பார்த்தார். "அப்ப எனக்கு எழுபத்தி நாலு," என்றார், டிக்கெட்டுக்குச் சில்லறை சொல்கிற அதே குரலில். பெரியப்பா கையில் எடுத்த கவளத்தோடு அப்படியே இருந்தார். அண்ணன் மேசையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். இப்போது அவர் பேசியது அவனுக்கு மட்டும் கேட்டது. "பணம் போனதுகூட இருக்கட்டுங்க. ரெண்டு தெரு தள்ளி இருக்கறவனுக்குத் திவால் நோட்டீஸத் தபால்ல அனுப்புனீங்க பாருங்க. நான் என்னமோ பஸ் டிப்போவுல இருந்து பென்சன் பேப்பர்னு கையெழுத்துப் போட்டு வாங்குனேன். ருக்குமணியும் சுகந்திப் பாப்பாவும் பக்கத்துல நின்னாங்க. நீங்க வந்து இந்த மாதிரின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்த வக்கீல் வீட்டுக்கு நானே தொணைக்கு வந்திருப்பேன்." நிமிர்ந்தார். "தம்பி, இங்க பாயசம் வரல பாரு," என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, பெரியப்பாவின் இலைப் பக்கம் குனிந்தார். "உங்களுக்கு என்ன வேணுமுங்க?"

பாயசம் வந்ததா, மோர் வந்ததா என்று அர்த்தநாரிக்குத் தெரியவில்லை. பெரியப்பா நாற்காலியை நகர்த்தவில்லை, ஆனால் உடம்பை மட்டும் அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டார், அவரால் முடிந்தது அவ்வளவு. தொணைக்கு வந்திருப்பேன். வந்திருப்பார். அந்த மாடி அறையில் உட்கார்ந்து, வக்கீலைப் பார்த்து, ஏனுங்க, இந்த வரி போகுமா போகாதா, புரியறாப்பல சொல்லுங்க என்று கேட்டிருப்பார். சில்லறை பாக்கி வைக்காத மனுஷன், ஒன்றுக்கு ரெண்டு தடவை கேட்டிருப்பார். போகாதுங்க என்று வக்கீல் சொல்லியிருப்பார். அப்புறம் எதுக்குடா இந்த மனு, எந்திரி, பட்டறைய வித்து வரியக் கட்டுவோம், எங்க பணத்த மெதுவாப் பாத்துக்கலாம் என்று இழுத்துக்கொண்டு படி இறங்கியிருப்பார். எல்லாம் அவ்வளவு சுலபமாக இருந்தது. ரெண்டு தெரு நடந்திருந்தால் போதும். நடக்க வெட்கப்பட்டுத்தான் தபால், இருக்கிறதையெல்லாம் கோர்ட்டில் விட்டவனுக்கு அந்த வெட்கம் மட்டும் எதற்குத் தேவைப்பட்டது. சுற்றிலும் நாற்காலிகள் நகர்ந்தன. எல்லாரும் எழுந்துவிட்டார்கள். இலை எடுக்கிறவர் வந்து பக்கத்தில் நின்றார். அவனும் எழுந்தான்.

கை கழுவுகிற இடத்தில் குழாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தான். இப்படியே பின்வாசல் வழியாகப் போனால் சந்து, சந்து தாண்டினால் மெயின் ரோடு. "என்ன நின்னுட்டிருக்க?" என்ற சத்தம் கேட்டுத் திரும்பினான். ருக்குமணியக்கா, பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து நின்றாள். "வசந்தா வரலையா? சரி விடு. சமையக்காரர் சொன்ன ஆளுக ரெண்டு பேரு வரல, ரெண்டாம் பந்தி உக்காந்துருச்சு, உங்கண்ணன் ஒத்த ஆளா ஓடிட்டிருக்காரு. அந்தச் சாம்பார் வாளியப் புடி." "நானா, வேண்டாங்க்கா," என்றான். "அங்க இருக்கறவங்க எல்லாம்..." அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இருக்கட்டும். சாம்பாரு ஆறுது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வாளி அவன் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. பந்திக்குள் நுழைந்தபோது அண்ணன் சோறு போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார், வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, தட்டை வழித்துக்கொண்டு முன்னால் நகர்ந்தார். இந்தப் பந்தியில் ஊர்க்காரர்கள்தான் அதிகம். முதல் ரெண்டு இலை தெரியாதவர்கள். மூன்றாவது பெயிண்ட் கடைக்காரர். அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு சோற்றில் குழி பறித்து, "காயோட ஊத்துங்க," என்றார். அடியிலிருந்து காயை அள்ளி ஊற்றினான். நாலு இலை தள்ளி மர டிப்போ மூர்த்தி. அவன் குனிவதற்கு முன்பே மூர்த்தி இடது கையை விரித்து இலையை மூடிவிட்டார்.

"சாம்பாருங்க," என்றான் அர்த்தநாரி.

மூர்த்தி எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ரசக்காரர் நின்றுவிட்டார், வரிசை தேங்கியது. தோள் வலித்தது. "மூர்த்தியண்ணா, நான் உங்க டிப்போவுக்கு வந்து நேர்ல சொல்லியிருக்கணும்ங்க. சொல்லாம விட்டுட்டேன்," என்றான். இவ்வளவுதான் வந்தது. பக்கத்து இலைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மூர்த்தி கையை எடுக்கவில்லை.

"சரிங்க," என்றான் அர்த்தநாரி. வாளியைக் கை மாற்றிக்கொண்டு அடுத்த இலைக்குக் குனிந்தான். வரிசை நீளமாக இருந்தது, கடைசிவரைக்கும் தெரிந்த முகங்கள்.